இடது பக்கத்துக்கு ஓர் ஓட்டுத்தையல்

சிதம்பரத்தில் ஜாக்கெட் தைக்கும் எங்களுக்கு இரண்டு வேலை நன்றாக வரும்: அளவெடுப்பது, கேட்டால் ‘நாளைக்கு வாங்க’ என்பது. மெஷின் மிதிப்பவர்களும், என்னைப் போல ஆஸ்பத்திரியில் மார்பகத்தைக் கொடுத்துவிட்டு வந்தவர்களும் இதைச் சிரித்துக்கொண்டே படிக்கலாம்.

மேலே ஏறிய பஞ்சு

புற்றுநோய்க்காக இடது மார்பகத்தை எடுத்த பிறகு கடை திறந்த முதல் வாரம். அந்தப் பக்கம் பஞ்சை உருட்டி வைத்திருந்தேன். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்த அம்மாவுக்கு அளவெடுக்கக் கையைத் தூக்கினேன். பஞ்சு தோள்பட்டைக்கு ஏறிவிட்டது. முந்தானையை இழுத்துவிட்டு, அவர் கவனிக்கவில்லை என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அவர் துணியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னார்: “ஒன் ஜாக்கெட்டே ஒனக்கு ஒக்காரலயேம்மா, என்னுத எப்படி நம்பிக் குடுக்கறது?”

ஆல்ட்ரேஷன்

மூன்று வருடம் கழித்து, வயிற்றுச் சதையை எடுத்து புதிதாக மார்பகம் அமைக்கலாம் என்றார் கடலூர் டாக்டர். எனக்கு ரொம்ப ஆசை. இந்த வயதில் எதற்கு என்றார் வீட்டுக்காரர். அவர் வழுக்கைக்கு விதவிதமாக எண்ணெய் தேய்ப்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை. கடையில் கொக்கி கட்டும் ஸ்டெல்லாவிடம் யோசனை கேட்டேன். அவள் என் வயிற்றைக் கண்ணாலேயே அளந்தாள்: “துணி நெறையத்தான் இருக்குக்கா, தாராளமா தெக்கலாம்.”

அவசரக் கத்தரி

அளவெடுக்காமல் துணியில் கத்தரி வைக்கக் கூடாது என்பது தொழிலின் முதல் பாடம். நான் வைத்தேன். ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்த அன்றே, இரண்டு பக்கமும் ஒரே அளவாக, மயில்கழுத்துப் பட்டில் எனக்கு ஒரு ஜாக்கெட் வெட்டிவிட்டேன். ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த பரிசோதனையில், பழைய தழும்பின் ஓரத்தில் பட்டாணி அளவு கட்டி. மறுபடியும் அதே நோய். முதலில் அதற்கு வைத்தியம், மார்பகத்தைப் பிறகு பார்க்கலாம் என்றார் டாக்டர். பிறகு என்றால் எப்போது என்று கேட்டேன். அவர் அடுத்த ஃபைலை எடுத்தார். பஸ்ஸில் சிதம்பரம் வரும்வரை அழுதேன். பயமாக இருந்தது.

வெட்டிய பட்டைக் கழிவுத்துணி மூட்டையில் திணித்தேன். ஸ்டெல்லா அதை வெளியே எடுத்து உதறி, சுருக்கம் நீவினாள். “தூக்கிப் போடாதக்கா. லெப்ட்டுல மட்டும் உள்ள மடிச்சு கையால ஓட்டி வெக்கறேன், அப்பறம் பிரிச்சிக்கலாம்.”

சொன்ன தேதிக்கு ஒரு ஜாக்கெட்கூடக் கொடுக்காத என்னிடமே ஜனங்கள் விடாமல் வந்து கேட்கும்போது, தேதியைத் தள்ளிப்போட்ட டாக்டரை நான் மட்டும் சும்மா விடுவேனா?