வேர் ஒரு ஆபீஸில், இலை ஒரு ஆபீஸில்

கவுண்டர் வேலை என்பது, நாம் எடுக்காத முடிவுக்கு நாமே பதில் சொல்லும் வேலை. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து வாங்கிக் கட்டிக்கொண்ட சக ஜீவன்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் மலாக்காவில் ஓர் அரசாங்க ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. நான் சேர்ந்தபோது விவசாயமும் வியாபாரமும் ஒரே அமைச்சு.

பலகை

அமைச்சின் பெயர் மாறினால், கடிதம் வரும் முன்பே எங்களுக்கு ஏணி வந்துவிடும். தெங்கேராவில் பெயர்ப்பலகைக் கடை வைத்திருக்கும் முனியாண்டி அண்ணன் வாசலில் ஏணியைச் சாய்த்தால் பெயர் போய்விட்டது என்று அர்த்தம். முதலில் பலகையில் வியாபாரம் முன்னால் இருந்தது. பிறகு விவசாயம் முன்னால் வந்தது. அதற்கும் பிறகு வியாபாரத்தையே கழற்றி, ஊரின் மறுகோடியில் தனி அமைச்சாக வைத்துவிட்டார்கள்.

புதுப் பலகை சின்னது. பழைய பலகையின் நான்கு துளைகளும் சுவரில் பல்லிளித்தன. சிமெண்ட் வைத்து அடைத்துவிடுங்கள் அண்ணே என்றேன். அவர் ஏணியை மடக்கிக்கொண்டே சொன்னார்:

"எதுக்கு கிராணிம்மா? திரும்ப சேர்த்துட்டா இந்த ஓட்டை வேணும்லா."

ஒரே நாளில் பிரித்தது

அலமாரியைப் பிரிக்க பாஸ் எனக்கு ஒரு நாள் கொடுத்தார். நடுவது எங்களுக்கு, விற்பது அவர்களுக்கு. ஒவ்வொரு பைலையும் திறந்து, நிலக் கடிதத்தை இங்கே, சந்தை பெர்மிட்டை அங்கே என்று உருவி உருவி அடுக்கினேன். சாயங்காலம் அதில் பெருமை வேறு. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மூன்று மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை செல்லம்மா அக்கா வந்தார். தங்கா பத்து ஊர்க்காரர். மஸ்ஜித் தானா பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். தோட்டம் மூடிய பிறகு ஒரு துண்டு நிலத்தில் கீரை போட்டு வாரச் சந்தையில் விற்கிறார். சந்தையில் அவர் கடை போடும் இடமான லாட்டைப் புதுப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். தவறினால் லாட் வேறு ஆளுக்குப் போய்விடும், அவருக்கு வேறு பிழைப்பு இல்லை. நிலக் கடிதம் இல்லை என்று வியாபார ஆபீஸ் அவரை எங்களிடம் திருப்பி அனுப்பியிருந்தது. எங்கள் பைலிலோ பெர்மிட் இல்லை; இரண்டும் சேர்ந்திருந்தால்தான் எங்கள் பாஸ் மனுவில் கையெழுத்துப் போடுவார். இரண்டையும் பிரித்தது என் கைதான் என்று ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நடுறதும் நான்தான், விக்கிறதும் நான்தான் தங்கச்சி. நீங்க வேர ஒரு ஆபீஸ்லயும் இலைய ஒரு ஆபீஸ்லயும் வச்சிட்டா, நான் எத கட்டி விக்கிறது?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

மறுநாள் லீவு போட்டு, அக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டு அந்த ஆபீஸுக்குப் போனேன். பெர்மிட் இல்லாமல் திரும்புவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். கவுண்டரில் சுசீலா, ஒரு காலத்தில் என் பக்கத்து மேசைக்காரி. உங்கள் அமைச்சின் புதுப் பெயர் போட்ட தாளில் கடிதம் வேண்டும் என்றாள். நாங்களோ பழைய தாளில் பெயரைக் கோடு போட்டு அடித்து, மேலே புதுப் பெயரை டைப் செய்து ஓட்டிக்கொண்டிருந்தோம். அது செல்லாதாம். இதே வசனத்தை நான் எத்தனை பேரிடம் ஒப்பித்திருக்கிறேன்!

நம்பர் எடுத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். சாப்பாட்டு நேரம் போனது. அக்கா சந்தைக்கென்று காரில் ஏற்றியிருந்த கீரைக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்று மணிக்கு சுசீலாவே பெர்மிட்டைத் தேடி எடுத்து வந்து நீட்டினாள்.

"எடுத்துட்டுப் போடி. நீ இங்க உட்கார்ந்திருந்தா எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது."

மறுபடி ஏணி

வெள்ளிக்கிழமை காலை, பெர்மிட்டையும் நிலக் கடிதத்தையும் அக்காவின் மனுவோடு சேர்த்து, தவறு என்னுடையது என்று கைப்பட எழுதி பாஸ் மேசையில் வைத்தேன். அரை மணி நேரம் திட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். லாட் அக்காவுக்கே கிடைத்தது.

மறு வருஷம் முனியாண்டி அண்ணன் ஏணியோடு வந்தார். இரண்டு அமைச்சும் மறுபடி ஒன்றாம். பெரிய பலகை பழைய துளைகளில் கச்சிதமாக உட்கார்ந்தது. அலமாரியைச் சேர்க்க பாஸ் மறுபடியும் ஒரே நாள் கொடுத்தார். விஷயம் கேள்விப்பட்ட செல்லம்மா அக்கா காலையிலேயே பஸ் பிடித்து வந்து, தன் அசல் கடிதங்களைக் கேட்டார். காப்பி எடுத்துக்கொண்டு கொடுத்தேன். பிளாஸ்டிக் பையில் போட்டுச் சுருட்டிக்கொண்டார்.

"இனிமே இது என்கிட்டயே இருக்கட்டும் தங்கச்சி. நீங்க சேருங்க, பிரிங்க, அது உங்க பாடு. நான் என் லாட்லதான் இருப்பேன்."

எங்கள் அமைச்சின் வரலாற்றில் இதுவரை இடம் மாறாதவை, சுவரில் அந்த நான்கு துளைகளும் செல்லம்மா அக்காவின் கீரை லாட்டும்தான்.