விரதத்தில் தப்பிய கோழி

போன கந்தசஷ்டி விரத நாட்களில், லண்டன் இல்ஃபோர்டில் எங்கள் வீட்டுப் பின்வளவில் நடந்த கதை இது.

வசந்தகாலத்தில் மூன்று கோழிக்குஞ்சுகள் வாங்கி விட்டிருந்தோம். மூன்றும் பேடுதான் என்று விற்றவர் அடித்துச் சொன்னார். ஆனால் ஒன்றுக்கு மட்டும் கொண்டை பெரிதாக, செக்கச்செவேலென்று வளர்ந்தது. நடையிலும் ஒரு எடுப்பு. ஒருநாள் விடியற்காலையில் கழுத்தை நீட்டிக் கூவியும் விட்டது.

"இது சேவல்தான். பக்கத்து வீட்டுக்காரர் கவுன்சிலுக்குச் சொல்ல முதல் கறியாக்கிப்போடுவம்" என்றார் என் கணவர். நான் வளவுக்குள் இறங்கினால் காலடியிலேயே திரிகிற கோழி அது. நல்லகாலம், எனக்குச் சஷ்டி விரதம். முருகன் கொடியில் இருக்கிற சேவலை விரத வீட்டில் வெட்டுவதா என்று ஒரே பிடியாக நின்றேன். "சரி, விரதம் முடியட்டும்" என்று அரைமனதோடு விட்டார்.

பக்கத்து வீட்டில் இருப்பவர் ஒரு ஜமேக்காப் பெண்மணி. ஆஸ்பத்திரியில் நைட் ஷிப்ட், பகலில்தான் நித்திரை. விரதம் முடிகிற அன்று காலை, வேலை உடுப்போடேயே வந்து கதவைத் தட்டினார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நான் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். நாளைக்கு அதை வெட்டிவிடுவோம், இனிச் சத்தம் இருக்காது என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. முறைப்பாடு சொல்லத்தான் வந்தாராம். ஆனால் அதை விட்டுவிட்டு, கோழியை ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டார். ஈர மண்ணில் குந்தியிருந்து, அதை மடியில் வைத்து, வாலுக்கு முன்னால் முதுகு இறகுகளை விரலால் விரித்தார். சேவலென்றால் இந்த வயதில் அவை நீண்டு கூராகத் தொங்குமாம். இதற்கு எல்லாமே வட்ட முனை. சேவல் இல்லாத இடத்தில் சில பேடுகள் கூவுவதும் உண்டாம். சின்ன வயதில் வீட்டில் கோழி வளர்த்தவராம்.

"அப்ப உங்கடை நித்திரை?" என்று கேட்டு, அதையே ஆங்கிலத்திலும் கேட்டார் கணவர்.

தன் காதுக்குப் பஞ்சு இருக்கிறது, கோழிக்கு ஒரு கழுத்துத்தானே இருக்கிறது என்று சிரித்தார் அவர். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கணவர் முழுதாக நம்பவில்லை, ஆனாலும் கத்தியை எடுக்கவில்லை. சில நாட்களில் அந்தக் கோழி கூட்டு மூலையில் அசையாமல் படுத்திருந்தது. எழும்பியபோது கீழே ஒரு முட்டை. அதைச் சூடு ஆற முதல் துண்டில் சுற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடியவர் என் கணவர்தான்.

இன்றும் அது இடைக்கிடை கூவும். தன் நித்திரையைக் கெடுத்த உயிருக்காகவே ஈர மண்ணில் குந்தியிருந்து வாதாடிய அந்தக் களைத்த முகம் அப்போதெல்லாம் என் கண்முன்னே வரும்.