புழுத் தட்டுக்கு அடியில் ஐரோப்பா

என் கையெழுத்து கோணலாக இருக்கும். பிழைகளும் இருக்கும். சித்தியின் பணி ஓய்வு மலருக்கு அவரிடம் படித்தவர்கள் எல்லோரும் எழுதுகிறார்கள், நீயும் எழுது என்று கேட்டபோது, ஐந்தாம் வகுப்போடு நின்றவனை விட்டுவிடுங்கள் என்று ஒளிந்து திரிந்தேன். நான் அவரிடம் படித்தவனும் இல்லை. ஐரோப்பாவையே பிள்ளைகள் தலையில் ஏற்றியவரால் என் தலையில் ஆறாம் வகுப்பை ஏற்ற முடியவில்லை. ஆனாலும் அவர் வகுப்பில் ஒரு நாள் நான் ஒரு நாடாக நின்றிருக்கிறேன். அதை எழுதாமல் விட்டால் நன்றி கெட்டவன் ஆவேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சித்தி அம்மாவின் தங்கை. எண்பதுகளின் நடுவில், ஓசூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளிக்குத் தற்காலிக ஆசிரியையாக வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உலக வரலாறு நடத்தினார். மொத்தம் பதினொரு பேர். பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு, சிலர் வீட்டில் கன்னடம். ஊரைச் சுற்றிக் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். "வரலாறு படிச்சா எந்தக் கம்பெனி கேட்டுலம்மா உள்ள விடுவான்?" என்று தலைமையாசிரியரே கேட்டாராம். பதினொரு பேருக்கு ஒரு பிரிவு தேவையா என்று பார்க்க மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. அவர் வேண்டாம் என்று எழுதிவிட்டால் பிரிவும் போகும், சித்தியின் வேலையும் போகும்.

அந்த அதிகாரிக்குக் காட்டுவதற்காகச் சித்தி காக்கித் தாள்களை மைதா பசையால் ஒட்டி, முதல் உலகப் போர் தொடங்கியபோது இருந்த ஐரோப்பாவைப் பெரிய படமாக வரைந்தார். பல ஞாயிறுகள் அதிலேயே போயின. முடித்ததைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தார்.

நாங்கள் பட்டுப்புழு வளர்த்தோம். புழு நான்கு முறை தோலுரிக்கும். அதற்கு முன்பு தழை தின்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடக்கும். எங்கள் பக்கம் அதை ஜுரம் என்பார்கள். ஜுரத்தில் கிடக்கும் புழுவைத் தொடக் கூடாது, தட்டை அசைக்கவும் கூடாது. மீறினால் தோல் உரியாமல் செத்துப்போகும்.

அதிகாரி வருவதற்கு முதல் நாள் காலை, அப்பா மூங்கில் தட்டுகளுக்குத் தாள் மாற்றிக்கொண்டிருந்தார். ஒரு தட்டுக்குத் தாள் போதவில்லை. எங்காவது தேடி எடுத்துப் போடச் சொல்லிவிட்டுத் தழை அள்ளப் போனார். கதவுக்குப் பின்னால் இருந்ததைக் கொண்டுவந்து விரித்தேன். அளவெடுத்ததுபோல் பொருந்தியது. மை வாடை புழுவுக்கு ஆகாது என்று அப்பா சொல்லிக் கேட்டிருந்ததால், வரைந்த பக்கத்தைக் கீழே திருப்பிப் போட்டேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். திரும்பி வந்த அப்பா வெறும் காக்கித் தாள் என்று நினைத்து அதன் மேல் புழுக்களை விட்டார்.

மாலையில் சித்தி வந்து தேடியபோது நான்தான் தட்டைக் காட்டினேன். அத்தனை புழுவும் தலையைத் தூக்கிக்கொண்டு கிடந்தன.

"ஜுரத்துக்குப் போயிருச்சே! நாளைக்குத்தானடி ஆப்பீசர் வர்றாரு?" என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"டேய் எருமை, ஊர்ல உனக்கு வேற பேப்பரே கெடைக்கலயா?" என்றார் அப்பா. பிறகு குரலை இறக்கி, "நீ படத்தை இழுத்துக்கம்மா. ஒரு தட்டுதானே, போனாப் போவுது" என்றார்.

சித்தி தட்டின் விளிம்பில் கை வைத்து நின்றார். என்னை எதனால் அடிக்கலாம் என்று யோசிக்கிறார் என்றே நினைத்தேன்.

"வேணாம் மாமா, தூங்கட்டும்" என்றார். "புழுவுக்குத் தூவற சுண்ணாம்பு மீதி இருக்கா?"

மறுநாள் காலை அந்தச் சுண்ணாம்புத் தூள் மூட்டை பள்ளி மைதானத்துக்குப் போனது. என் தொடக்கப் பள்ளியும் அதே வளாகம்தான். பதினொரு பேரும் புத்தகம் பார்க்காமல் தரையில் ஐரோப்பாவைக் கோடு போட்டார்கள்.

"டேய், கடல்ல நிக்கற, காலை எடு!"

"நீ மொதல்ல இத்தாலிக்குக் காலு வரைடா!"

கோடு முடிந்ததும் ஆளுக்கொரு நாட்டில் நின்றார்கள். நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. சித்தி என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இது சுவிட்சர்லாந்து. சும்மா நின்னாப் போதும். உன் மேல யாரும் கை வெக்க மாட்டாங்க."

அதிகாரி வந்து சுற்றிப் பார்த்தார். "ஒரு இளவரசரைச் சுட்டதுக்கு ஏம்ப்பா இத்தனை நாடும் அடிச்சிக்கிச்சு?" என்றார்.

ஜெர்மனியாக நின்றவன் தொரப்பள்ளியிலிருந்து சைக்கிளில் வருகிறவன். "செத்தது ஆஸ்திரியா வூட்டுப் புள்ள சார். ஆஸ்திரியா எனக்குப் பங்காளி மாதிரி. அவன் செர்பியாவை அடிக்கப் போனான், ரஷ்யா குறுக்க வந்தான். நான் கை கட்டிட்டு நின்னா யாரு சார் மதிப்பா?"

"அதுக்கு ஏன்ரா பெல்ஜியம் தோட்டத்துல பூந்த?" என்றான் ரஷ்யா. "அது உன்னை என்ன பண்ணுச்சு?"

"கேளுங்க சார்," என்றாள் பெல்ஜியமாக நின்ற பெண். "பிரான்சுக்குப் போவ என்கிட்ட வழி கேட்டான். முடியாதுன்னேன். ஏறி மிதிச்சிட்டுப் போயிட்டான்."

"அவளுக்குத் தொணையா வர்றேன்னு நாங்க எப்பவோ எழுதிக் குடுத்திருந்தோம் சார்," என்றாள் தள்ளி நின்ற இங்கிலாந்து.

அதிகாரி சிரித்துக்கொண்டே என்னிடம் வந்தார். "நீ ஏன்ப்பா சண்டைக்குப் போகல?"

நான் கோட்டைத் தாண்டாமல் நின்றபடியே சொன்னேன்: "சித்தி சும்மா நிக்கச் சொன்னாங்க சார்."

மைதானமே சிரித்தது. "இந்த குரூப் இருக்கட்டும் சார்," என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு அதிகாரி போனார். பிறகு சித்தியின் வேலையும் நிரந்தரமாயிற்று. எத்தனையோ பிள்ளைகள் அவரிடம் படித்துப் போனார்கள்.

பின்னாளில் நானும் ஒரு கம்பெனியில் தற்காலிக ஆளாகச் சேர்ந்தேன். மாதாமாதம் வேலை நீடிப்பவர்கள் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பலகை முன்னால் நின்றபோதுதான், அந்த மாலையில் சித்தி எதை விட்டுக்கொடுத்துவிட்டு நின்றார் என்பது தெரிந்தது. ஒரு தட்டுப் புழு எங்கள் வீட்டுக்கு என்ன என்பதும், அது போனாலும் படத்தை இழுத்துக்கொள் என்று சொல்ல அப்பாவுக்கு எவ்வளவு மனம் வேண்டியிருந்திருக்கும் என்பதும் அப்போதுதான் உறைத்தது. இருவருக்கும் நான் நன்றி சொன்னதில்லை. அப்பா இப்போது இல்லை.

படம் புழுவுக்கு அடியில் போன அன்று எனக்கு எட்டு வயது. சித்தியும் அடிக்கவில்லை, அப்பாவும் அடிக்கவில்லை. அப்படியென்றால் அது வேண்டாத காகிதம்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டேன்.

எழுதி முடித்தது: தை மாதம் இரண்டாம் நாள், மாட்டுப் பொங்கலன்று.