கபூர் பாய் பலகையைத் தட்டிய நாள்

கபூர் பாய் இன்று காலை இறந்துவிட்டார்.

"மாமா, வாப்பா மவுத்தாயிட்டாங்க" என்று அவர் மகன் போன் செய்தபோது லைட்ஹவுஸ் குப்பத்தில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்... ஓடுகிற வயதா இது.

இதைப் படிக்கிற பலருக்கு அவரைத் தெரியாது. எழுபதுகளில் சென்னையில் ஒரு பிரஸ்ஸில் நானும் அவரும் ஜோடி. அவர் மூலக் காப்பியை உரக்கப் படிப்பார், நான் புரூப்பில் பிழை திருத்துவேன். அவர் பழவேற்காடு டவுன், நான் பக்கத்து மீனவர் குப்பம். பொன்னேரி வரை பஸ், அப்புறம் ரயில்.

கமா, புள்ளி எல்லாவற்றையும் வாயால் சொல்லித்தான் படிக்க வேண்டும். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது. காப்பியிலேயே ஏதோ சரியில்லை என்று பட்டால், மேஜையை ஒரு தட்டு தட்டுவார். நில், பார் என்று அர்த்தம்.

பழக்கம் விடுமா... பஸ்ஸிலும் "பொன்னேரி ரெண்டு கமா சில்லறை இல்ல புள்ளி" என்பார். "இன்னா பாய், காலைலயே ஆரம்பிச்சிட்டியா" என்று கண்டக்டர் தலையில் அடித்துக்கொள்வார்.

அந்த நாட்களில் ஒரு பிழை அச்சாகிவிட்டால் விசாரணையெல்லாம் கிடையாது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதிலும் முதலில் போகிறவர் படிக்கிறவர். அவன் தப்பாகப் படித்தான் என்று ஒருவர் சொல்லிவிட்டால் முடிந்தது. படித்த குரலுக்கு ஏது சாட்சி?

அதனால்தான் சங்கம் தொடங்கினோம்.

சங்க வரலாறு எழுதிய நண்பர்கள் முதல் கூட்டம் சென்னையில் நடந்ததாகச் சொல்கிறார்கள். இல்லை சாமி. சென்னையில் கூடினால் முதலாளிகள் காதுக்குப் போய்விடும் என்று எல்லோருக்கும் பயம். பாய்தான், "எங்க ஊருக்கு வாங்க சார். ஏரி நடுவுல எவன் வந்து கேக்கப் போறான்?" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழவேற்காடு ஏரியில், என் நைனாவின் படகில் நடந்தது. நைனா என்றால் அப்பா. அவர் கழி ஊன்ற, புரூப் ரீடர்கள் எல்லோரும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அழகைப் பார்த்திருக்க வேண்டும்.

தலைவராக வர இருந்த தேவராஜன் சார் விதிகளை எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஆளுக்கொரு பிரதி. பாய் வழக்கம்போல உரக்கப் படித்தார், நாங்கள் வழக்கம்போல பென்சிலோடு குனிந்திருந்தோம்.

"புரூப் திருத்துவோர் மட்டுமே உறுப்பினர் ஆகலாம் புள்ளி."

யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் தொழில் அப்படி. எழுத்து கண்ணில் படும், சொல்கிற விஷயம் மண்டையில் ஏறாது. நல்லா இருக்கு, மேலே போங்க என்று தலையை ஆட்டினோம்.

பாய் படகின் குறுக்குப் பலகையைத் தட்டினார்.

எல்லோரும் மறுபடி பார்த்தோம். "பிழை ஒண்ணும் இல்லியே பாய்" என்றார் தேவராஜன் சார். பாய் அதே வரியை மறுபடி படித்தார். மறுபடி தட்டினார். வாயைத் திறந்து சொல்ல மாட்டார்... காப்பியில் இல்லாததைச் சொல்லக் கூடாதே.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "சார், அப்ப இவரு யாரு? படிக்கிறவங்களுக்கு எடம் இல்லியா?" என்றேன்.

"அத அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம். மேல படிங்க பாய்" என்றார் தேவராஜன் சார்.

பாய் படிக்கவில்லை. தாளை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி இருந்தார். வேறொருவர் படித்துப் பார்த்தார், காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. நைனா கழியை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு, "பேசி முடிங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்று பீடி பற்றவைத்துக்கொண்டார்.

கரை சேர்வதற்குள் காப்பி படிப்போரும் உறுப்பினர் ஆகியிருந்தார்கள்.

அதன் அருமை எண்பதுகளில் தெரிந்தது. ஒரு பாடப் புத்தகத்தில் ஒரு பத்தி அப்படியே விட்டுப்போய்விட்டது. பழி பாய் மேல். பெண்ணுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்த நேரம், வெளியே போ என்றுவிட்டார் முதலாளி.

மறுநாள் சங்கத்தில் ஒருவரும், எந்த பிரஸ்ஸிலும், ஒரு வரி பார்க்கவில்லை. எங்கள் பிரஸ் வாசலில் முதல் ஆளாக வந்து தரையில் உட்கார்ந்தவர் தேவராஜன் சார்.

சாயங்காலம் பாயைத் திரும்பக் கூப்பிட்டார்கள். வந்தார், என் எதிரே உட்கார்ந்தார், நிறுத்திய இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை மனுஷன். காப்பியில் இல்லையே. எனக்குத்தான் புரூப் தெரியாமல் கண் கலங்கிப்போயிருந்தது.

இன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். அவர் உடலைச் சுமக்கும் சந்தூக்கைப் பள்ளிவாசலிலிருந்து தூக்கியபோது எனக்கும் தோள் கொடுக்க இடம் விட்டார்கள்.

தட்டுவது எப்போதும் அவர்தான். இன்று நான் தட்டினேன்... சந்தூக் மரத்தில், மெதுவாக, ஒரு தட்டு.

யாரும் நிற்கவில்லை. நடந்துகொண்டே இருந்தார்கள்.

போய் வாங்க பாய்.