பேட்டரி வண்டிக்கு ஆயுத பூஜை

நான் இருக்கும் ஃப்ளோரிடா சிற்றூரில் பால் வாங்கவும் முடி வெட்டவும் கோல்ஃப் வண்டியில் போகிறார்கள். கோல்ஃப் மட்டையைத் தொட்டே பார்க்காதவர்கள்கூட வைத்திருக்கிறார்கள். மதுரை ரயில் நிலையத்தில் நடக்க முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு நடைமேடையில் ஊர்ந்து போகுமே பேட்டரி கார், ஏறக்குறைய அதேதான். வந்த புதிதில், இந்த ஊரில் இம்புட்டுப் பேருக்கா கால்வலி என்று நினைத்தேன்.

கார் உரிமத் தேர்வில் இரண்டு முறை தோற்றபின், உரிமம் கேட்காத இந்த வண்டியில் நானும் ஒன்று வாங்கினேன். பழையது, பச்சை நிறம். இங்கே பஸ் கிடையாது. மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் காலை ஆறு மணிக்கு நான் நின்றாக வேண்டும். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தாமதமாக வருபவளை வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

என் அப்பா உசிலம்பட்டிச் சந்தையில் மூட்டை இறக்குபவர். அடுத்தவர் லாரிகளிலேயே ஏறி இறங்கியவர். எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் வாகனம், பள்ளிக்கூடத்தில் எனக்குக் கொடுத்த சைக்கிள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளும் நான்தான். ஆயுத பூஜைக்கு அந்தச் சைக்கிளைக் கழுவி, சந்தனம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து என்னை ஓட்டச் சொல்வார். இந்த வருடம் நாலு சக்கரம் என்பதால் வீடியோ அழைப்பில் முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்.

“அடியில நல்லாப் பீய்ச்சி அடிம்மா. அழுக்கோட பொட்டு வைக்கக் கூடாது.”

அடித்தேன். இருக்கையைத் தூக்கி, உள்ளே இருந்த ஆறு பேட்டரிகளின் மேலும் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினேன். ஆறுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பழங்களை வைத்து ஏறி உட்கார்ந்து மிதித்தேன். பழம் முழுசாகவே கிடந்தது.

வண்டியை விற்ற கடையிலிருந்து ஒருவர் வந்தார். இருக்கையைத் தூக்கியவர், மஞ்சளும் சிவப்புமாக வழிந்திருந்ததைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினார். ஆசிட் கசிந்திருக்கிறது, பேட்டரிகள் போய்விட்டன, புது வண்டி எடுப்பதே நல்லது என்றார். படித்த பெண், ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள், பேட்டரியைக் குளிப்பாட்டினேன் என்று எப்படிச் சொல்வது? புது வண்டி வாங்கும் நிலையிலும் நான் இல்லை.

இரண்டு நாள் விடியுமுன் கிளம்பி மூன்று மைல் நடந்தேன். இங்கே தனியாக நடப்பவர்களைப் பார்த்தால் பயந்துவிடுகிறார்கள். வண்டிகளை நிறுத்தி, உதவி வேண்டுமா, யாரையாவது கூப்பிடவா என்று கேட்டார்கள். நடக்கிறேன் என்றால் நம்பவில்லை. இரண்டு நாளும் பத்து நிமிடம் தாமதம். இரண்டாம் நாள் மேலாளர் என்னைப் பார்த்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

அன்று திரும்பி நடக்கும்போதுதான் மதுரையில் நான் தங்கிப் படித்த செல்லூர் நினைவு வந்தது. கல்லூரிக் காலத்தில் எனக்கு ஒரு பழைய மொபெட் இருந்தது. ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் முருகேசண்ணன் ஒர்க்‌ஷாப் வாசலில் எங்கள் தெரு வண்டிகள் பாதி நிற்கும். அவர் என்ன ஆச்சு என்று கேட்கமாட்டார்.

“என்ன தங்கச்சி, வண்டிக்குத் தலைக்கு ஊத்திவிட்டியாக்கும்?”

பிளக்கைக் கழற்றித் துடைத்து, வண்டியை வெயிலில் போடுவார். நாங்கள் பக்கத்திலேயே நிற்போம். யாருக்கும் வெட்கமில்லை, எல்லாரும் அதே காரியத்தைச் செய்துவிட்டு வந்தவர்கள்தானே.

மறுநாள் எனக்கு விடுமுறை. பழுது பார்க்கும் வேறொரு கடையின் டிரெய்லரில் வண்டியை ஏற்றிக்கொண்டு நானும் போனேன். டெபி என்ற பெண் மெக்கானிக் படிவம் ஒன்றை நீட்டினாள். ‘என்ன நடந்தது’ என்ற இடத்தில், வருடத்தில் ஒரு நாள் நாங்கள் கருவிகளைக் கழுவி வணங்குவோம், நான் இதைத் தண்ணீர் விட்டுக் கழுவினேன் என்று எழுதிக் கொடுத்தேன். வாடிக்கையாளர்கள் தாண்டக் கூடாத மஞ்சள் கோடு தரையில் இருந்தது. செருப்பு நுனி அதில் படும்படி நின்றேன்.

டெபி கையுறையால் பேட்டரியைத் துடைத்து முகர்ந்தாள். “ஆசிட் இப்படி மணக்காது. முதல் கடையில் இதைச் சொன்னாயா?”

“இல்லை.”

“ஏன்?”

“வெட்கமாக இருந்தது.”

அவள் சிரிக்கவில்லை. போன கோடையில் தன் அப்பாவே வண்டியோடு ஏரியில் இறங்கிவிட்டார் என்றாள். பிறகு மீட்டர் வைத்துப் பார்த்து, ஆறு பேட்டரியும் நன்றாக இருக்கின்றன, மோட்டாருக்கு மின்சாரம் அனுப்பும் கன்ட்ரோலர் பெட்டிக்குள்தான் ஈரம் என்று சொல்லி, அதைத் திறந்து காற்றடித்து வெயிலில் வைத்தாள். காபி குடித்துவிட்டு வரச் சொன்னாள். நான் மஞ்சள் கோட்டை விட்டு நகரவில்லை. மதியத்துக்கு மேல் வண்டி அசைந்தது. நாளைக்கு ஆறு மணிக்கு நான் இருப்பேன்.

ஐந்து பேட்டரிகளைத் துடைத்துவிட்டு, ஆறாவதின் பொட்டைக் காட்டி, இருக்கட்டுமா என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.

கடை வாசலில் அப்பாவை அழைத்து, கைப்பையிலிருந்த எலுமிச்சைகளைச் சக்கரங்களுக்கு அடியில் வைத்தேன். போனை முன்கண்ணாடியில் சாய்த்துவிட்டு மிதித்தேன். ஊரில் வண்டிச் சத்தத்தில் பழம் நசுங்குவது காதில் விழுந்ததே இல்லை. இங்கே அது மட்டும்தான் கேட்டது. அங்கே நள்ளிரவு; அப்பாவின் பின்னால் சந்தை லாரி ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. அவர் காதைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

“சத்தத்தையே காணாம். இன்னும் கெளம்பலையாம்மா?”

“போய்க்கிட்டுத்தாம்ப்பா இருக்கேன்.”