எந்த இரு?

என் மனைவிக்கு என்னைப் பற்றி ஒரே குறைதான். நான் ஓரிடத்தில் இருப்பதில்லை. தட்டை ஏந்திக்கொண்டு நடந்தபடி சாப்பிடுவேன். தொலைபேசியில் பேசினால் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே பேசுவேன். டிவி பார்ப்பதுகூடக் கதவுநிலையில் சாய்ந்து நின்றுதான். "உங்களுக்கென்ன காலிலை சில்லே பூட்டியிருக்கு? ஒரு இடத்திலை இருங்கோவன்" என்பாள். நான் இருப்பேன். அவள் குசினிக்குள் போனதும் எழும்பிவிடுவேன்.

கூடைப்பந்துப் பயிற்சியாளராக இருந்தவரை இது ஒரு குறையாகவே தெரியவில்லை. லண்டனின் கிழக்கே பார்க்கிங் என்ற ஊருக்குப் பக்கத்திலுள்ள ஒரு கல்லூரியில் மாலை நேரப் பயிற்சியாளராகச் சேர்ந்தேன். பள்ளிப் படிப்பு முடித்தவர்கள் சிகையலங்காரம், மின்வேலை, கணக்கியல் என்று ஏதாவதொன்று படிக்க வரும் இடம். பகலில் சூப்பர்மார்க்கெட்டில் ஷிப்ட் முடித்துவிட்டு ஓடுவேன். அங்கே பெண்களுக்கு அணியே இருக்கவில்லை. கன்டீன் வரிசையில் நின்றவர்களிடம் போய், "பந்து பிடிப்பாயா?" என்று கேட்டுக் கேட்டு ஆள் சேர்த்தேன். சிலர் என்னை விசரன் என்று நினைத்திருப்பார்கள். மினிபஸ்ஸை நானே ஓட்டினேன். சட்டைகளை எங்கள் வீட்டு மெஷினில்தான் தோய்த்தோம். ஆட்டத்தின்போது கோட்டோரமாக நான் ஓடும் தூரம் என் ஆட்டக்காரிகள் ஓடுவதைவிடக் கூட என்று எதிரணிக்காரர்கள் கேலி செய்வார்கள். அது பொய்யுமில்லை.

பிறகு விளையாட்டுத் துறை இயக்குநர் பதவி வந்தது. கல்லூரி அதிபர் தேநீர் தந்துவிட்டு நிபந்தனையைச் சொன்னார். இயக்குநராக இருப்பவர் எந்த அணிக்கும் பயிற்சி கொடுக்கக் கூடாது. எல்லா அணிகளுக்கும் பொதுவான ஆளாக இருக்க வேண்டும். நான் வேண்டாமென்றால் அவர்கள் மனதில் வேறொருவர் இருந்தார். கூடைப்பந்தை நிறுத்தி ஹாலை முழுவதும் உள்ளரங்கக் கால்பந்துக்குக் கொடுத்துவிடலாம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த ஆள் அவர். அணியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் நான் அணியை விட வேண்டும். இரண்டு நாள் வீட்டுக்குள் நடந்து தீர்த்துவிட்டு ஒப்புக்கொண்டேன்.

என் அலுவலகம் ஹாலுக்கு நேர் மேலே. அதைப் போல ஒரு தண்டனையை யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். கூட்டங்கள், ஹால் நேர அட்டவணை, முதலுதவிச் சான்றிதழ்கள், யார் வலையைக் கிழித்தது என்ற விசாரணை. கீழே பந்து அடிபடும் சத்தம் தரை வழியாகக் காலுக்கு வரும். அந்தச் சத்தத்தை வைத்தே யாரோ ஒருத்தி சோம்பலாக ஆடுகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிடும். கதிரையில் இருந்தபடி கால் தானாக ஆடும். விசிலை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினேன். பிறகு லாச்சியைத் திறந்து பார்ப்பேன்.

எனக்குப் பதிலாகப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். கோயம்புத்தூரில் கல்லூரிக் காலம் முழுக்க ஆடிய பெண். கணவரின் ஐடி வேலையோடு இங்கே வந்தவர், கிங்ஸ்பரியிலிருந்து லண்டனைக் குறுக்கே கடந்து வருவார். கெட்டிக்காரி. ஆனால் அவருடைய ஆட்டம் என் ஆட்டமல்ல. நான் பந்து கிடைத்ததும் ஓடு என்பவன். அவர் பந்தை நாலு கை மாற்றி, இடம் திறக்கும்வரை காத்திருக்கச் சொல்பவர். ஹாலின் மேல்மாடத்தில் நின்று பார்க்கும்போது எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். என்னைச் சார் என்றுதான் கூப்பிடுவார், மரியாதையாக இரண்டு வார்த்தை பேசுவார், எதையும் கேட்கமாட்டார். கேட்கமாட்டாரா என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அதற்காகத்தான் அடிக்கடி படியிறங்கினேன்.

அந்த நாட்களில் லூயிஷாமில் ஒரு பள்ளிக்கூடம் பயிற்சியாளராக வரக் கேட்டது. சம்பளம் குறைவு, பதவி ஒன்றுமில்லை. ஆனால் கோட்டோரம் கிடைக்கும். பதில் சொல்ல வார இறுதிவரை தவணை கேட்டேன். சனிக்கிழமை எங்கள் ஹாலில் ஆட்டம் இருந்தது. அதைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்று மனைவியிடம் சொன்னேன். என் அணிப் பிள்ளைகளுக்கு நான் இனித் தேவையா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி.

ஆட்டத்தின் கடைசிப் பகுதி. நாங்கள் சிறிய வித்தியாசத்தில் பின்னால். எதிரணி ஆளுக்கு ஆள் காவல் நிற்காமல் கூடையைச் சுற்றி இடம் பிடித்து நின்றது. எங்கள் பெண்கள் வெளியே சுற்றிச் சுற்றிப் பந்தை மாற்றினார்களே தவிர, நடுவில் காலியாகக் கிடந்த இடத்துக்கு ஒருத்தியும் போகவில்லை. அங்கே நிற்க உயரம் தேவையில்லை, பதறாத கை வேண்டும். அந்தக் கை யாருடையது என்று எனக்குத் தெரியும். தச்சுவேலை படிக்கும், மாற்று ஆட்டக்காரியாக வாங்குப் பலகையில் இருந்த பெண். பயிற்சியாளர் டைம்-அவுட் கேட்டார். என்னால் முடியவில்லை. மாடத்துப் படியில் தடதடவென்று இறங்கி அணியை நோக்கிப் போனேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். உள்ளங்கையை என் பக்கம் காட்டினார்.

"சார், இருங்க."

அவ்வளவுதான். பெண்கள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் முகம் எரிந்தது. இத்தனை வருடம் நான் நின்ற இடத்தில், நான் சேர்த்த பிள்ளைகளுக்கு முன்னால், போய் இரு என்கிறார். நான் இருக்கவில்லை. அவசரக் கதவைத் தள்ளிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டேன். ஆட்டம் முடியுமுன் நான் வெளியேறிய முதல் ஆட்டம் அது. பஸ் நிறுத்தத்திலேயே லூயிஷாமுக்கு, வருகிறேன் என்று செய்தி அனுப்பினேன்.

வீட்டில் நடந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை செய்கிறாள். மருத்துவர் மதுரைக்காரர். என் கதையை முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். எனக்கு ஆத்திரம் வந்தது.

"இஞ்சாருங்கோ, அவ உங்களைக் கதிரையிலை இருக்கச் சொல்லேல்லை. அவையின்ரை தமிழிலை இருங்க எண்டால் கொஞ்சம் பொறுங்கோ எண்டு அர்த்தம். எங்கடை டொக்டர் இருங்கம்மா, இருங்கம்மா எண்டு சொல்ல, முதல் கிழமை முழுக்க நான் கதிரையிலை இருந்துகொண்டெல்லோ இருந்தனான்."

எனக்குத் தெரியாத விஷயமில்லை. சின்ன வயதிலிருந்து பார்த்த அத்தனை படங்களிலும் 'இரு, வர்றேன்' என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். ஆனால் கோபம் வந்தால் காது தன் ஊருக்கு ஓடிவிடுகிறது. அப்படியும் நான் முழுதாக நம்பவில்லை. அவள் என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறாள் என்றே நினைத்தேன். அன்றிரவும் ஞாயிறும் நிம்மதியில்லை.

திங்கட்கிழமை பயிற்சியாளர் என் அலுவலக வாசலில் நின்றார். ஒரு கூடை வித்தியாசத்தில் தோற்றோம் என்றார். குரலில் தோல்வியைவிட வேறேதோ மனத்தாங்கல் இருந்தது.

"ஏன் சார் போயிட்டீங்க? இருங்கன்னு சொன்னேனே. பொண்ணுங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லிட்டுத் திரும்பறேன், ஆளைக் காணோம். நடுவுல யாரை நிறுத்தறதுன்னு உங்களைத்தான் கேக்கணும்னு இருந்தேன். எனக்கு அவங்களை இப்பத்தானே தெரியும்."

நான் காத்திருந்த கேள்வி வந்திருக்கிறது, அதைக் காதில் வாங்கத்தான் நான் அங்கே இல்லை. தச்சுவேலை படிக்கும் பெண்ணைச் சொன்னேன். அவர் நெற்றியில் கை வைத்தார். அவளை ஆட்டத்தில் இறக்கவேயில்லையாம். பிறகு எங்கள் ஊர் இருவுக்கு என்ன அர்த்தம் என்று சொன்னேன். முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், உங்களைப் போய் உட்காரச் சொல்வேனா என்று பதறிவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

லூயிஷாமுக்கு அப்போதே தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். இனி என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்பது அந்த மரியாதையிலேயே தெரிந்தது. கோட்டோரம் அத்தோடு முடிந்தது.

இப்போது ஆட்ட நாட்களில் பயிற்சியாளர் வாங்கின் கடைசியில் எனக்கு ஒரு கதிரை போடுகிறார். அதிபருக்கும் ஆட்சேபம் இல்லை. அணிக்கு நான் கட்டளை சொல்லக் கூடாது, பயிற்சியாளர் கேட்டால் பதில் சொல்லலாம். பந்து நடுவே போகும்போதெல்லாம் என்னையறியாமல் எழும்பிவிடுவேன். அவர் ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் என் பக்கம் நீட்டுவார்.

"இருங்க சார்."

எந்த இரு என்று நான் கேட்பதில்லை. இருக்கிறேன்.