சங்கில் ஒட்டிய கறை

ஐயம்பேட்டையை விட்டு அரை மைல் வந்திருப்போம். என் தலையில் அரிசி மூட்டை. முன்னால் சங்கு ஊதிக்கொண்டு போன தறிக்காரர் அன்று மூன்றாவது தடவையாக வேலியோரம் ஒதுங்கினார். கூட வந்த எட்டுப் பேரும் நின்றார்கள்.

"இன்னா மாமா, பாலாத்துல தண்ணி இல்லன்னு நீயே ரொப்பிக்கினு இருக்கியா?" என்றான் ஒருவன். அவரும் சிரித்தார்.

அறுபதுகளின் கடைசி அது. நான் ஐந்தாம் வகுப்போடு வீட்டை விட்டவன். ஆற்காட்டில் ஒரு சமையல்காரரிடம் பாத்திரம் கழுவினேன். அது முடிந்ததும் காஞ்சிபுரம் வந்தேன். தர்ம ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஏழைகளின் கஞ்சிக்காக ஒரு தெருத் தறிக்காரர்கள் ஆடி மாதம் ஏழு நாள் சுற்றுப்பட்டு ஊர்களுக்கு நடந்து பிடி அரிசி வாங்குவார்கள். மூட்டை தூக்க ஆள் கேட்டார்கள். இரண்டு வேளை சோறு என்றதும் சேர்ந்துகொண்டேன்.

சங்குச் சத்தம் கேட்டதும் பெண்கள் அரிசியோடு வாசலுக்கு வருவார்கள். சங்கு ஊதுகிறவருக்கு முதலில் ஒரு சொம்பு பானகம், வெல்லம் தாராளமாகக் கரைத்தது. வேண்டாம் என்றால் அந்த வீட்டுத் தர்மத்தையே வேண்டாம் என்றதாக ஆகும். அவர் எந்த வீட்டிலும் மறுத்ததில்லை. தாகமும் அடங்கவில்லை.

அவர் ஒதுங்கிய இடத்தில் எறும்பு மொய்த்ததை முந்தின நாளே பார்த்திருந்தேன். ஆற்காட்டுச் சமையல்காரருக்கும் அப்படித்தான் மொய்த்தது. பிறகு அவருடைய வலது காலை முழங்காலோடு வெட்டி எடுத்தார்கள்.

அடுத்த ஊர் முனையில் அவர் ஊதியபோது சத்தம் பிசிறியது. சங்கின் வாயில் ரத்தம்.

"இன்னா மாமா இது?"

"நாப்பது வருசமா பல்லால நூலு கடிச்ச வாயிப்பா. எங்க தெருவுல எவனுக்குப் பல்லு கெட்டியா இருக்குது?"

அந்தத் தெருவில் எல்லோருக்கும் பல் ஆடியது. அதனால் அவர் வாயை யாரும் தனியாகப் பார்க்கவில்லை. ஒரு மாதம் முன்னால் பஸ் ஸ்டாண்டு ஓரம் பெட்டியோடு உட்கார்ந்து பல் பிடுங்குகிறவனிடம் கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்திருந்தார். திறந்து காட்டினார். குழி மூடவில்லை, சீழ் வைத்திருந்தது. அந்த நாற்றத்துக்கு நான் பின்வாங்கினேன்.

"ஆஸ்பத்திரியில காட்டு மாமா. சக்கரையா இருக்கும்" என்றேன்.

"சக்கரை வர நான் இன்னா மில்லு மொதலாளியா? கூழு குடிக்கிறவன்டா!"

எதிர் வீட்டம்மா சொம்பை நீட்டினாள். வாங்கிக் குடித்தார்.

அன்றைய அரிசியை அன்றே ஆஸ்பத்திரியில் கொட்ட வேண்டும். கொட்டும்போது கம்பவுண்டரிடம் எறும்பைப் பற்றிச் சொன்னேன். அவர் தறிக்காரரின் வாயைத் திறக்கச் சொன்னார். பார்த்துவிட்டு, நூல் கடித்த கதையையும் கேட்டுக்கொண்டு ஒரு சீசாவைக் கொடுத்து மறைவுக்கு அனுப்பினார். திரும்பி வந்ததும் நீல மருந்தில் மூத்திரத்தைச் சொட்டி, விளக்கில் காய்ச்சினார். பச்சை, மஞ்சள் எல்லாம் தாண்டிச் செங்கல் நிறத்தில் நின்றது; சக்கரை மிக அதிகம்.

"நூலு மேல பழியப் போட்டுக்கினு ஒரு மாசத்தக் கோட்ட விட்டுட்டியே. சக்கரை ஈற அழுக வைக்கும். ஈறு சீழ் புடிச்சா சக்கரை இன்னும் ஏறும். ஒண்ணுக்கொண்ணு தீனி போடும். தாடை எலும்பு வரைக்கும் போயிருக்கும் போல இருக்குது."

பொழுது சாய்வதற்குள் கன்னம் வீங்கி வாய் திறக்க முடியாமல் போய்விட்டது. படுக்கை கொடுத்தார்கள். கஞ்சி வந்தது. கம்பவுண்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவருக்கு வேணாம். ஆகாது."

தறிக்காரர் அடுத்த கட்டிலுக்குப் போகும் கஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம அரிசிதானே?" என்றார், பல் இடுக்கு வழியே.

"ஆமா மாமா."

வெளியே வந்து, பிழைப்பாரா என்று கம்பவுண்டரிடம் கேட்டேன். ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஓரிக்கைக்குப் புறப்பட வேண்டும். சங்கு இல்லாமல் நடந்து பழக்கமில்லை. ஊத முன்பல் கெட்டியாக இருக்க வேண்டும்; எட்டுப் பேரில் யாருக்கும் அப்படி இல்லை. மூத்தவர் என் மோவாயைப் பிடித்து, மாட்டுக்குப் பார்ப்பதுபோலப் பல்லைப் பார்த்தார்.

"கெட்டியாத்தான் இருக்குது. இனிமே நீ ஊதுப்பா. மூட்டைக்கு வேற ஆளு பாத்துக்கலாம்."

புளியும் சாம்பலும் போட்டுச் சங்கின் வாயைத் தேய்த்தேன். பழுப்புக் கறை கொஞ்சம் நின்றுவிட்டது. அதிலேயே வாயை வைத்து ஊதினேன். ஓரிக்கையில் முதல் வீட்டுக் கதவு திறந்தது. ஒரு சொம்பு பானகம் வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குடித்தேன்.